விளைக்கழிவில் கரிக்கட்டி: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பின் (எங்கள் பேச்சில் விளை) ஓரத்தில் நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து கரிக்கட்டி செய்கிறோம். டிரம்மில் புகை எழும்போது வழியில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். சிலர் மறுநாள் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கரிக்கட்டி என்றால் என்ன? சிரட்டைக்கரியும் இதுவும் ஒன்றா?

சிரட்டையை (கொட்டாங்கச்சியை) எரித்தால் கிடைக்கும் கரி கையில் எடுக்கும்படி துண்டாகவே இருக்கும், அப்படியே அடுப்பில் போடலாம். கொதும்பு (தென்னம்பாளையின் காய்ந்த உறை), மரச்சீனிக் (மரவள்ளி) கம்பு, ஓலை மட்டை போன்றவை கரியானதும் நொறுங்கித் தூளாகிவிடும். தூளை அடுப்பில் போட்டால் காற்றுப் போக வழியில்லாமல் அணைந்துவிடும். அதனால் அந்தத் தூளைக் கஞ்சிவிட்டுப் பிசைந்து, உருட்டியோ அச்சில் அழுத்தியோ காயவைக்கிறோம். அதுதான் கரிக்கட்டி.

லாரியில் 'ப்ரிக்கெட்' என்று ஏற்றிப்போகிறார்களே, அதுவா?

இல்லை. அது மரத்தூள், கடலைத்தோல் போன்றவற்றைக் கரியாக்காமல் பெரிய இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் உருளை. பாய்லர் வைத்திருக்கும் ஆலைகளுக்குப் போகிறது, எரியும்போது விறகைப் போலவே புகையும். நாம் செய்வதில் புகை முழுவதும் டிரம்மிலேயே வெளியேறிவிடும். பிறகு அடுப்பில் எரியும்போது கண் எரியாது, பாத்திரம் கரிபிடிக்காது.

இதை நமக்கு முன்னால் யார் செய்தார்கள்?

காடு பெருமளவு அழிந்துபோன ஹைத்தி நாட்டில் சமையலுக்கு மரக்கரியைத்தான் பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். அங்கே அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஸ்மித்தின் குழு, பழைய எண்ணெய் டிரம்மில் கரும்புச் சக்கையைக் கரியாக்கி, மரச்சீனிக் கஞ்சியில் பிசைந்து கட்டியாக்கும் முறையைப் பரப்பியது. நம் நாட்டில் புனேயில் உள்ள ஆர்ட்டி என்ற நிறுவனம் கரும்புச் சோகையைக் கரியாக்கும் வேலையில் உழைத்து, 2002இல் தூய எரிசக்திக்கான ஆஷ்டன் விருது பெற்றது. ஹைத்தியில் பசைக்கு மரச்சீனியைத்தான் எடுத்தார்கள் என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நம் ஒவ்வொரு விளையிலும் நிற்கும் பயிர் அல்லவா அது! கரும்புக்கு மட்டும்தான் நாம் வேறு வழி பார்க்க வேண்டும்.

நம் விளைகளில் எதையெல்லாம் எடுக்கலாம்?

தொடங்கும் முன் இந்தக் கேள்விக்கு நன்றாக யோசித்துப் பதில் தேட வேண்டும். எரியக்கூடியது எல்லாம் கழிவு அல்ல. மாடு தின்கிறதா, மண்ணுக்கு மூடாக்காகிறதா, யாராவது விலைகொடுத்து வாங்குகிறார்களா என்று மூன்றையும் பார்த்துவிட்டு, எதற்கும் ஆகாமல் விளையின் மூலையில் குவித்துத் தீ வைக்கப்படுவதை மட்டும் எடுங்கள்.

அப்படிப் பார்த்தால் முதலில் வருவது கொதும்பு. காய்ந்த கொதும்பு டிரம்முக்கென்றே விளைந்ததுபோல எரியும். அடுத்தது மரச்சீனிக் கம்பு. அடுத்த நடவுக்குப் போக மிஞ்சும் கம்பு எவ்வளவு என்பது கிழங்கு பிடுங்கும் நாளில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதைச் சாண் நீளத்துக்கு வெட்டி, கீறிவிட்டுக் காயவைக்க வேண்டும். கீறாவிட்டால் உள்ளே ஈரம் நின்றுவிடும். ஓலை மட்டையின் தடித்த அடிப்பகுதி, காய் உதிர்ந்த குலைக்காம்பு, பனங்கொட்டையின் ஓடு, ரப்பர் விதையின் தோடு எல்லாம் நல்லவை. சில்லாட்டை (தென்னை மட்டையின் அடியில் இருக்கும் வலைபோன்ற நார்) பற்றவைக்க உதவும், அதிலிருந்து கரி அதிகம் கிடைக்காது.

வாழைத்தடையை (வாழைமரத்தின் தண்டை) கொண்டுவராதீர்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதைக் காயவைக்கும் பாட்டுக்குக் கிடைக்கும் கரி ஈடாகாது. வெட்டி வாழை மூட்டிலேயே போட்டால் மண்ணுக்காவது ஆகும். தென்னை நார்க்கழிவும் அப்படித்தான், பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது விழுந்த ரப்பரும் தென்னையும் மாதக்கணக்கில் கிடந்தன. அன்று இந்த வேலை தெரிந்திருந்தால், மழையில் மக்கிய கிளைகளில் ஒரு பங்கையாவது காப்பாற்றியிருப்போம் என்று இப்போதும் நினைப்பேன்.

வைக்கோலும் உமியும்?

கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் அறுக்கும் நாஞ்சில் நாட்டில் வைக்கோல் மாட்டுக்குப் போகட்டும். கரியாக்காதீர்கள். வைக்கோலிலும் உமியிலும் மணல்சத்து அதிகம், அதனால் சாம்பலும் அதிகம். உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகவே நிற்கும். உமிக்கரியை எடுத்தால் ஏறத்தாழப் பாதி சாம்பல்தான். அதில் செய்த கட்டி மெல்லக் கனலும், சூடு வராது. உமிக்கரி பல் தேய்க்க நம் வீடுகளில் இருந்தது, இன்றும் விதைப்படுகைக்கும் பூச்சட்டிக்கும் நல்லது. அடுப்புக்கு வேண்டாம்.

சிரட்டையைப் பொடித்துக் கட்டியாக்கினால் இன்னும் நன்றாக எரியுமே?

எரியும். ஆனால் சிரட்டைக்கு நல்ல விலை இருக்கிறது. காங்கேயம் பக்கம் சிரட்டைக்கரியிலிருந்து தண்ணீர் வடிகட்டப் பயன்படும் கரி செய்யும் ஆலைகளுக்குப் போகிறது. விலையுள்ள பொருளைப் பொடித்து விலை குறைப்பது ஏன்? சிரட்டைக்கரி விற்கிறவரிடம் சாக்கின் அடியில் தங்கும் தூளைக் கேளுங்கள். குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். நம் கொதும்புக்கரியோடு நாலில் ஒரு பங்கு அதைச் சேர்த்தாலே கட்டியின் தரம் ஏறும்.

அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) அண்டித்தோடு மலைபோல் கிடக்கிறது, எடுக்கலாமா?

வீட்டு டிரம்மில் கூடவே கூடாது. அண்டித்தோட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொள்ளவைக்கும் என்பது அண்டி தல்லும் பெண்களின் கையைப் பார்த்தால் தெரியும். சூடானால் அந்த எண்ணெயின் புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். அதற்கான சூளையும் புகைபோக்கியும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

டிரம்மை எப்படித் தயார் செய்வது?

200 லிட்டர் இரும்பு டிரம் போதும். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த டிரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். எண்ணெய் டிரம்மோ தார் டிரம்மோ என்றால் முதலில் வெறும் விறகு போட்டு ஒருமுறை நன்றாக எரித்துப் பெயின்டையும் கசடையும் போக்குங்கள். எண்ணெய் இருந்த மூடிய டிரம்மை வெல்டிங் தீயால் வெட்டக்கூடாது, உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். உளியால் வெட்டச் சொல்லுங்கள். அடியில் இரண்டு அங்குல அகலத்தில் ஐந்து ஓட்டை, மேலே முழுவதும் திறப்பு, அதற்குச் சரியாகப் பொருந்தும் ஒரு தகர மூடி. அவ்வளவே.

எரிக்கும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

டிரம்மை மூன்று கல்லின்மேல் நிறுத்துங்கள், அடி ஓட்டை வழியே காற்று ஏற வேண்டும். நடுவில் ஒரு கம்பை நட்டுவைத்து, சுற்றிலும் கொதும்பையும் மரச்சீனிக் கம்பையும் அடுக்கி நிரப்பிவிட்டு, கம்பை உருவுங்கள். அந்த ஓட்டைதான் புகைபோக்கி. மேலே சில்லாட்டையும் காய்ந்த ஓலையும் வைத்துப் பற்றவையுங்கள்.

முதலில் வெள்ளையாக அடர்ந்த புகை வரும். அது பெரும்பாலும் நீராவி. பிறகு புகை மஞ்சள் கலந்து, கண்ணைக் கரிக்கும். அந்தப் புகை தீப்பிடிக்கக்கூடியது, அதனால் முகத்தை மேலே நீட்டாதீர்கள். சற்று நேரத்தில் புகையே தீயாகிப் பெரிய சுவாலை எழும், புகை குறையும். நீளக் கம்பால் குத்தி இடைவெளியை அடைத்துவிடுங்கள். சரக்கு இறங்கும். தேவையானால் இன்னும் கொஞ்சம் போடலாம்.

சுவாலை தணிந்து, புகை ஏறக்குறைய நின்று, உள்ளே எல்லாம் சிவந்து தெரியும் நேரம் வரும். அப்போது நிற்காமல் வேலை செய்ய வேண்டும். மூடியைப் போட்டு, கல்லை உருவி டிரம்மைத் தரையில் இறக்கி, அடியைச் சுற்றி ஈரச் செம்மண்ணை அணைத்து, மூடி விளிம்பிலும் மண்ணைப் பூசுங்கள். ஒரு நூல் அளவு இடுக்கில் காற்றுப் போனாலும் உள்ளே கரி சாம்பலாகிக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரத்தில் டிரம் தொடும் அளவுக்கு ஆறும். நாங்கள் மறுநாள் காலையில்தான் திறப்போம்.

எங்கள் டிரம்மில் 20 கிலோ காய்ந்த சரக்குப் போட்டால் 4 கிலோ கரி கிடைக்கும். முதல் மாதத்தில் 2 கிலோகூடக் கிடைக்கவில்லை. மூடத் தாமதித்ததுதான் காரணம். இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்று தோன்றும், அந்தக் கொஞ்ச நேரத்தில் கையில் வர வேண்டிய கரி சாம்பலாகிவிடும்.

சரியாகக் கரியானதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும், உள்ளும் கறுப்பாக இருக்க வேண்டும். விரலில் தேய்த்த கறுப்பு வெறும் தண்ணீரில் போனால் நல்ல கரி. பிசுக்காக ஒட்டி, சோப்பு கேட்டால் உள்ளே தார்போன்ற கீல் நிற்கிறது. தவிட்டு நிறத்தில் உள்ள துண்டுகளைப் பொறுக்கி அடுத்த டிரம்மில் போடுங்கள். அவை கலந்தால் கட்டி புகையும், வாங்கியவர் மறுபடி வரமாட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் புகைக்குச் சண்டைக்கு வரமாட்டார்களா?

வருவார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. காய்ந்த சரக்கென்றால் கெட்ட புகை அரை மணி நேரத்துக்குள் முடியும். ஈரச் சரக்கென்றால் மாலைவரை நீளும். துணி காயும் நேரத்தில் எரிக்காதீர்கள், முந்தின நாளே அயலில் சொல்லிவையுங்கள். நெருக்கமான தெருவில் குடியிருந்தால் விளை உள்ள ஒருவரோடு சேர்ந்து செய்வது நல்லது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வேறொரு எச்சரிக்கை சொல்ல வேண்டும்: கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் அங்கே திறந்த டிரம் ஆபத்து, பொறி பறந்து ஓலைக்கூரையில் விழும்.

பசைக்கு மரச்சீனி மாவு எவ்வளவு?

ஒரு கிலோ கரித்தூளுக்கு 60 கிராம் மாவு போதும். சிரட்டைத்தூள் கலந்திருந்தால் 80 கிராம். அதைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றி, பளபளவென்று கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறுங்கள். பச்சை மாவு ஒட்டாது, வெந்த கஞ்சிதான் ஒட்டும். மாவு கடையில் வாங்க வேண்டியதில்லை. எலி கடித்தது, பிடுங்கும்போது முறிந்தது, விலைக்குப் போகாத சின்னக் கிழங்கு, இவற்றைச் சீவிக் காயவைத்துப் பொடித்தால் வருடத்துக்கும் இருக்கும். மனிதர் தின்னும் கிழங்கைக் கரிக்குப் போடுவதில் எனக்கு மனமில்லை.

கரியை நன்றாக இடித்து, ரவை அளவுக்குச் சலித்த பிறகே பிசைய வேண்டும். கட்டி உதிர்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் மாவைக் கூட்டியிருப்பார்கள், கரியைச் சலித்திருக்க மாட்டார்கள். இடிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

மெஷின் வேண்டுமா?

தொடக்கத்தில் வேண்டாம். கொழுக்கட்டை பிடிக்கத் தெரிந்த கை போதும். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகக்கூடாது. இரும்புக் குழாய்த் துண்டும் அதற்குள் நுழையும் மரக்கட்டையும் இருந்தால் ஒரே அளவில் வரும். மாதம் 200 கிலோவுக்கு மேல் கேட்கும் வாடிக்கை உறுதியான பிறகு மோட்டார் மெஷினைப் பற்றி யோசியுங்கள். முதலில் மெஷினை வாங்கிவிட்டு, போடச் சரக்கில்லாமல் நிறுத்திவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் இரண்டு மழையாயிற்றே, எப்படிக் காயவைப்பது?

எங்களைக் கண்ணீர்விட வைத்தது இதுதான். இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) பெய்து, ஐப்பசி கார்த்திகையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. மற்ற ஊர்க்காரர்கள் எழுதிவைத்த 'மூன்று நாள் வெயிலில் காயவைக்கவும்' என்ற குறிப்பு ஆனி மாதம் தக்கலையில் நடக்காது. எங்கள் முதல் வருடத்தில் இரண்டு சாக்குக் கட்டி பூசணம் பிடித்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது.

இப்போது வேலையை வருடத்தோடு பிரித்துக்கொண்டோம். தை, மாசி, பங்குனியில் கட்டி உருட்டுவதும் காயவைப்பதும். மழைக்காலத்தில் ஓலைச்சாய்ப்பின்கீழ் சரக்குச் சேர்ப்பதும் வெட்டுவதும் மட்டும். இடையில் வெயில் தெரியும் வாரங்களில் எரித்துக் கரித்தூளாக மூட்டை கட்டிவைப்போம், தூள் கெடாது. கஞ்சி சேர்ந்தால்தான் கெடும், அதனால் மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டு பிசையாதீர்கள்.

தரையில் பரப்பினால் அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். பாக்குமரச் சலாகையில் தட்டு அடித்து, இடுப்பு உயரத்தில் வைத்து, மேலே கண்ணாடித்தாள் கூடாரம் போட்டோம். இரண்டு ஓரமும் திறந்திருக்க வேண்டும், மூடினால் உள்ளே வேர்த்துவிடும். கொப்பரைக்கு வெயில் உலர்த்தி வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். காய்ந்த கட்டியை இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடையக்கூடாது, இரண்டைத் தட்டினால் ஓட்டுச்சில்லு மாதிரி சத்தம் வர வேண்டும்.

இதனால் கேஸ் செலவு மிச்சமாகுமா?

கணக்கைச் சொல்கிறேன். 14.2 கிலோ சிலிண்டரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி, அதில் 60 சதவீதம் பாத்திரத்தில் ஏறும். நம் கட்டியில் கிலோவுக்கு 5,000, சாதாரண கரியடுப்பில் 20 முதல் 25 சதவீதம்தான் பாத்திரத்துக்கு வரும். ஆக ஒரு சிலிண்டருக்கு ஈடாக 85 கிலோ கட்டி வேண்டும். அதற்கு 80 கிலோ கரி, 400 கிலோ காய்ந்த சரக்கு, இருபது தடவை டிரம் எரிப்பு.

ஒரு வீடு தனியாகச் செய்து கேஸை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொதும்பையும் மட்டையையும் நேராக அடுப்பில் வைத்து ஊதிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு, வெந்நீர் போடவும் கிழங்கு அவிக்கவும் புகையில்லாத நெருப்பு கிடைக்கிறது என்பதுதான் உண்மையான லாபம். எங்கள் அம்மாவின் இருமல் அடுப்படியிலிருந்து வந்தது என்று எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. அதனால்தான் இதைத் தொடங்கினேன்.

கட்டிக்கு ஏற்ற அடுப்பு வேண்டும். அடியில் சல்லடை, அதன்கீழ் சாம்பல் விழ இடம், காற்றுக்கு ஒரு வாய். சுங்கான்கடையில் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் அளவு சொன்னால் செய்து தருவார்கள்.

யார் வாங்குவார்கள்?

துணி தேய்ப்புக்கடைக்காரர்கள், தள்ளுவண்டியில் டீ போடுகிறவர்கள், கோழி சுடும் கடைகள். சுடும் கடைக்குப் புகையும் வாடையும் அறவே கூடாது, அங்கே சிரட்டைத்தூள் கலந்த கட்டியையே கொடுங்கள். நாங்கள் எதிர்பாராத இடமும் ஒன்று அமைந்தது: கோவில்களில் சாம்பிராணி போடவும், தேவாலயங்களில் தூபக்காலுக்கும் சின்ன வில்லை கேட்கிறார்கள். சீக்கிரம் பற்ற வெடியுப்பு சேர்க்கச் சொல்லும் ஆலோசனை வரும். கேட்காதீர்கள், அடுப்படியில் அது விபத்து. கொல்லன் உலைக்கு நம் கட்டி சரிவராது, சாம்பல் உலையை அடைக்கும்.

புகை வராதே, அறைக்குள் வைத்து எரிக்கலாமா?

கதவடைத்த அறையில் ஒருபோதும் கூடாது. கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வரும், தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். மழைக்குளிரில் குழந்தையும் பிள்ளை பெற்றவளும் இருக்கும் அறையில் கனல்சட்டி வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வைக்காதீர்கள். திண்ணையிலோ, இரண்டு பக்கமும் திறந்த அடுக்களையிலோ மட்டும் எரியுங்கள். யாருக்காவது தலை சுற்றினால் உடனே வெளியே காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கரியைச் சாக்கில் கட்டி வீட்டுக்குள் வைக்கலாமா?

எடுத்த கரியைத் திறந்தவெளியில் பரப்பி ஒரு நாள் முழுவதும் விட்டபிறகே சாக்கில் கட்ட வேண்டும். ஆறியதாகத் தெரியும் கரிக்குள் கண் அளவு கனல் இருந்தாலும் மறுபடி பற்றும். எங்கள் குழுவில் ஒருவர் சாயங்காலமே கட்டி ஓலைச்சாய்ப்பில் வைத்த சாக்கு நடு இரவில் எரிந்தது. நாய் குரைத்ததால் தப்பினோம். அன்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீரும் மண்ணும் பக்கத்தில் இல்லாமல் டிரம்மைத் திறப்பதில்லை.

அனுமதி, கடன் எல்லாம் எப்படி?

சொந்த விளையில் சொந்தத் தேவைக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. விற்பனைக்கென்று நிலையாகச் செய்தால் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ உரிமம், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு ஆகியவற்றைப் பற்றி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காங்கேயம் பக்கம் கரிச்சூளைகளால் கிணற்றுநீர் கெடுவதாக மக்கள் முறையிட்டு வருகிறார்கள். கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, அந்தத் தண்ணீரை மண்ணில் விட்டால் அப்படித்தான் ஆகும். நம் டிரம்மை மண்ணால் மூடி அணைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காட்டுக்குள்ளிருந்து ஒரு சுள்ளிகூட எடுக்கக்கூடாது.

மெஷின் கட்டத்துக்கு வந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைக் கேளுங்கள். கிராமப்புறத்தில் பெண்களுக்கு 35 சதவீத மானியம், நாம் போட வேண்டியது 5 சதவீதம். பயிர்க்கழிவு பற்றிய சந்தேகங்களுக்குத் திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

அடுப்புச் சாம்பலையும் சலித்து மிஞ்சிய தூளையும் என்ன செய்வது?

சாம்பலைத் தென்னந்தடத்தில் போடுங்கள், அதில் சாம்பல்சத்து இருக்கிறது, நம் புளிப்பு மண்ணுக்கும் ஏற்றது. கரித்தூளைப் பச்சையாக மண்ணில் போடாமல், சாணிக்கரைசலில் இரண்டு வாரம் ஊறவைத்துப் போடுங்கள். வெறும் கரி மண்ணிலுள்ள சத்தைத் தான் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஊறியது செடிக்குக் கொடுக்கும். நாங்கள் கொதும்பு எடுத்த அதே தென்னைகளின் மூட்டில்தான் அதைப் போடுகிறோம்.